உப்புக்காற்றில் பழைய லாரி: துருவும் மெருகும்

(வானொலிப் பண்ணைப் பேச்சு)



நெல்லுக்கு மேலுரம் வைப்பதைப் பற்றிப் பேச வேண்டியவர் லாரிக்கு மெருகு போடுவதைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. மீமிசல், கோட்டைப்பட்டினம், மணமேல்குடி பக்கம் எந்தத் தென்னந்தோப்புக்குள் போனாலும் ஓரமாக ஒரு பழைய வண்டி நிற்கிறது. லாரியாக இருக்கலாம், டிராக்டராக இருக்கலாம், டிரெய்லரோ ஆயில் எஞ்சினோ ஆகவும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் எதிரி ஒன்றுதான். லாரிக்குச் சொல்வது மற்றவற்றுக்கும் பொருந்தும்.

மீமிசலுக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அத்தா காலத்தில் வாங்கிய லாரி, முன்பக்கம் மூக்கு நீண்ட பழைய மாடல். வேதாரண்யத்து உப்பும், அறுவடைக் காலத்தில் நெல்லும் ஏற்றி ஓடிய வண்டி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கொட்டகை சரிந்து வண்டிமேல் விழுந்தது. அதிலிருந்து வெயிலிலும் மழையிலும் நின்றது. பழைய இரும்பு வியாபாரி மூன்று தடவை வந்து விலை கேட்டுவிட்டுப் போய்விட்டார். பெரியவருக்குக் கொடுக்க மனசில்லை. "சார், இதைத் தேய்ச்சு பளபளன்னு ஆக்கிப்புடலாம்னு பேரன் சொல்றான். ஆகுமா? ஒரு தடவையாவது அறந்தாங்கி வரைக்கும் ஓட்டிப் பாத்துடணும் சார்" என்றார்.

"ஆகும் பாய். ஆனா தேய்க்கிறது கடைசி வேலை" என்றேன். அந்தக் கடைசி வேலைக்கு முன்னால் என்னென்ன இருக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முகப்பில் வட்டத்துக்குள் மூன்று முனை நட்சத்திரம் இருந்தது. டாட்டா லாரியில் பென்ஸ் நட்சத்திரம் எப்படி வந்தது என்று பேரனுக்குச் சந்தேகம். டெல்கோ என்ற பெயரில் இருந்த டாட்டா நிறுவனம் 1954ல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, ஜாம்ஷெட்பூரில் லாரி செய்ய ஆரம்பித்தது. 15 ஆண்டு ஒப்பந்தம். 1969ல் அது முடிந்ததும் நட்சத்திரம் போய் டாட்டாவின் சொந்த முத்திரை வந்தது. நம் சென்னை எண்ணூரில் 1948ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய கம்பெனி, 1955ல் இங்கிலாந்து லேலண்டின் பங்கு சேர்ந்து அசோக் லேலண்டு ஆயிற்று. அந்தக் காலத்துக் காமெட் லாரியைப் பழைய டிரைவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஆகவே உங்கள் தோப்பில் நிற்கும் வண்டியின் முகப்பு முத்திரையையும் பெயர்த் தகட்டையும் எந்தக் காரணம் கொண்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வண்டியின் வயதைச் சொல்லும் சாட்சி அது.

இப்போது உப்புக்கு வருவோம்.

இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் போதும். ஆனால் உப்பு சேர்ந்த ஈரம் நல்ல தண்ணீரைவிட மின்சாரத்தை வெகு சுலபமாகக் கடத்தும். துரு என்பது உண்மையில் மிகச் சிறிய அளவில் நடக்கிற மின்சார வேலைதான். இரும்பின் ஒரு புள்ளி கரைகிறது, பக்கத்துப் புள்ளி தப்புகிறது. கரைந்த இடம் குழியாகிறது. அந்தக் குழிக்குள் உப்பு போய் உட்கார்ந்துகொள்கிறது. மேலும் உப்பு காற்றிலிருந்து ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். வீட்டு உப்பு ஜாடி ஐப்பசி, கார்த்திகையில் நீர்த்துப் போவதைப் பார்க்கிறோமே, அதேதான் வண்டியின் குழிக்குள்ளும் நடக்கிறது. கொண்டலும் வாடையும் அடிக்கிற மாதங்களில் மழையே பெய்யாவிட்டாலும் உங்கள் லாரியின் அடிச்சட்டம் உள்ளுக்குள் நனைந்துகொண்டுதான் இருக்கும்.

இது தெரியாமல் மேலாகச் சுரண்டி, ஒரு கோட்டு ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பளபளப்பான பெயிண்டையும் அடித்துவிட்டால் மூன்று மாதத்தில் அம்மைக் கொப்புளம் போல எழும்பும். பெயிண்ட் கடைக்காரரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. உள்ளே உப்பு இருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பெயர்தான் உப்புத்தாள், அது உப்பை எடுக்காது. உப்பு தண்ணீரில்தான் கரையும்.

ஆகவே முதல் வேலை கழுவுவது. அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. கடலோரத்தில் பாதிக் கிணறும் போரும் உப்புத் தண்ணீர். அதை மோட்டார் வைத்து அடித்தால் உப்பை எடுக்கிறோமா, போடுகிறோமா? முதல் கழுவலுக்கு எந்தத் தண்ணீரானாலும் இருக்கட்டும். கடைசிக் கழுவலுக்கு மட்டும் கண்மாய்த் தண்ணீரோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ வேண்டும். கழற்றிய சிறு பாகங்களை மழைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நாளுக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றி, மூன்று நாள் வைத்தால் நல்லது. சுடுதண்ணீரானால் இன்னும் சீக்கிரம். உப்புப் போய்விட்டதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. துருவை எடுத்துத் துடைத்த பாகத்தை எண்ணெய் பூசாமல் ஓர் இரவு திறந்து வையுங்கள். காலையில் குழிகளில் மட்டும் செம்புள்ளி தெரிந்தால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது, மறுபடி ஊறப்போட வேண்டியதுதான்.

இறுகிப்போன போல்ட்டுகளோடு மல்லுக்கட்டாதீர்கள். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசல், அதோடு கொஞ்சம் எஞ்சின் ஆயில் கலந்து ஊற்றி, ஓர் இரவு விட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டித் திருப்புங்கள். டீசல் டாங்கிப் பக்கமும் பிரேக் குழாய்ப் பக்கமும் நெருப்பு காட்டக்கூடாது. லாரிச் சக்கரத்தில் டயரை இறுக்கிப் பிடிக்கும் வளையம் இருக்கிறதே, லாக் ரிங், அது துருப்பிடித்திருந்தால் காற்றை முழுக்க இறக்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். காற்று இருக்கும்போது தட்டுவதோ வெல்டிங் வைப்பதோ உயிருக்கு ஆபத்து. அந்த வளையம் தெறித்தால் எதிரில் நிற்கும் ஆள் பிழைக்கமாட்டார்.

அடுத்தபடியாக உலோகத்துக்கு உலோகம் வைத்தியம் வேறு. இதில்தான் ரொம்பப் பேர் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு பழைய பம்பின் மூடியில் ஏறியிருந்த எண்ணெய்க் கறையை எடுக்கலாம் என்று காஸ்டிக் சோடாத் தண்ணீரில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் தொட்டி நுரைத்துப் பொங்கி, தொட முடியாத சூடு. மூடி அலுமினியம். விளிம்பெல்லாம் அரித்து, போல்ட் துளை பெரிதாகி, கடைசியில் எடைக்குத்தான் போயிற்று. வேதியியல் படித்தவன் செய்கிற காரியமா அது! அலுமினியத்தைக் காரம் கரைக்கும் என்று பரீட்சையில் எழுதியவன்தான்.

அலுமினியத்தின் துரு வெள்ளைத் தூளாக இருக்கும். காஸ்டிக்கும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம், பாத்திரம் விளக்குகிற அடுப்புச் சாம்பலும் வேண்டாம். சாம்பலும் காரம்தான், அலுமினியம் கருத்துப்போகும். சோப்புத் தண்ணீரில் கழுவி, எமரித் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். 220ல் ஆரம்பித்து 400, 800, 1000 என்று ஏறிப் போகவும். ஒவ்வொரு தாளையும் முந்தின தாளுக்குக் குறுக்குத் திசையில் தேய்த்தால், பழைய கீறல் போயிற்றா இல்லையா என்று கண்ணுக்கே தெரியும். போகாமல் அடுத்த தாளுக்குத் தாவினால் கடைசியில் கண்ணாடி மாதிரி மின்னும்போது அந்தக் கீறலும் சேர்ந்து மின்னும். அதன் பிறகுதான் பஃப் சக்கரமும் மெருகுக் கட்டியும். இரும்பைத் தேய்த்த சக்கரத்தை அலுமினியத்துக்கு எடுக்காதீர்கள். இரும்புத் தூள் அலுமினியத்தில் பதிந்து பின்னால் புள்ளி புள்ளியாகத் துரு விடும். இரண்டு தூளும் ஒரே இடத்தில் சேர்ந்து தீப்பொறி பட்டாலோ, பற்றுகிற நெருப்பு தண்ணீருக்கு அடங்காது.

பித்தளை நமக்குப் பழக்கமான விஷயம். பழைய ரேடியேட்டரின் மேல் தொட்டி, பெயர்த் தகடு, சில வண்டிகளில் விளக்கு வளையம், இவை பித்தளையாக இருக்கும். வீட்டுக் குத்துவிளக்குக்குப் போடுகிற புளிதான் இதற்கும். புளியில் உள்ள புளிப்பு அமிலம் கருப்பையும் பச்சைக் களிம்பையும் கரைத்துவிடும். பெண்கள் புளியோடு கல்லுப்பும் சேர்ப்பார்கள், சீக்கிரம் போகும் என்பது உண்மைதான். வண்டிக்கு வேண்டாம். உப்பை ஓட்டத்தானே இத்தனை பாடு படுகிறோம்? புளி போட்ட பிறகு ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு தடவை கழுவி, நல்ல தண்ணீர் விட்டு, வெயிலில் காய வைக்க வேண்டும். இல்லையென்றால் மிச்சம் இருக்கிற புளிப்பே ஒரு வாரத்தில் மறுபடி களிம்பு ஏற்றிவிடும். பெயர்த் தகட்டின் எழுத்துகள் மேல் பஃப் சக்கரத்தை வைக்கவே வைக்காதீர்கள். எழுத்து தேய்ந்துபோனால் திரும்பி வராது.

பம்பரின் குரோமியப் பூச்சு வேறு கதை. மேலே மின்னுகிற குரோமியம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதன் கீழே நிக்கல், அதற்கும் கீழே இரும்பு. எமரித் தாளைப் போட்டால் நாலு தேய்ப்பில் பூச்சு காலி. பிரியாணிப் பொட்டலம் மடிக்கிறார்களே, அந்த அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். குரோமியத்தைவிட மெத்தென்ற உலோகம், ஆகவே பூச்சைக் கீறாமல் மேல்துருவை மட்டும் எடுக்கும். பூச்சு உரிந்துவிட்ட இடத்தில் எந்த மெருகும் நிற்காது, பிளேட்டிங் கடைக்குத்தான் போக வேண்டும். வீட்டிலேயே மருந்து வாங்கித் தொட்டி வைத்துச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் குரோமிய உப்பு புற்றுநோய் உண்டாக்கும் விஷம். ராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் ஆலையின் கழிவு மலைபோலக் குவிந்து, ஆலை மூடிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் நிலத்தடி நீரை மஞ்சளாக்கிக் கொண்டிருந்தது. நம் ஊரில் நல்ல தண்ணீர்க் கிணறு இருப்பதே கொஞ்சம்.

இரும்புக்கு நான் சிபாரிசு செய்வது மின்சார முறை. துருப்பிடித்த கலப்பைக் கொழு, மண்வெட்டி, ஸ்பானர் இவற்றுக்கும் இதுவே போதும். பிளாஸ்டிக் தொட்டியில் 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் சலவைச் சோடா கரைத்துக்கொள்ளவும். துருப்பிடித்த பாகத்தை நடுவில் தொங்கவிட்டு, 12 வோல்ட் பாட்டரி சார்ஜரின் நெகட்டிவ் வயரை அதில் மாட்டவும். பாசிட்டிவ் வயரை ஒரு வேண்டாத இரும்புத் தகட்டில் மாட்டி, பாகத்தில் முட்டாமல் தள்ளி நிறுத்தவும். ஓர் இரவில் துரு இளகிக் கரும்பொடியாகும், தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாலே வந்துவிடும். நல்ல இரும்பு ஒரு துளியும் குறையாது, இதுதான் கிரைண்டரைவிட இதில் உள்ள லாபம். எவர்சில்வர் தகட்டை மட்டும் பாசிட்டிவில் மாட்டாதீர்கள், முன்னே சொன்ன குரோமிய விஷம் தண்ணீரில் இறங்கும். நாகம் பூசிய தகடும் ஆகாது. தொட்டியிலிருந்து வருவது எரியும் வாயு, ஆகவே திறந்த வெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி பற்ற வைக்காதீர்கள். சுவிட்சை அணைக்காமல் கை விடவும் கூடாது. பட்டை வில்லையும் மற்ற ஸ்பிரிங்குகளையும் இதில் போட வேண்டாம், ஆசிடிலும் போட வேண்டாம். விறைப்பேற்றிய எஃகு அந்த வாயுவை உறிஞ்சி, பின்னால் பாரம் ஏறும்போது சட்டென்று முறியும். எடுத்த பாகத்தை உடனே கழுவி, சூடாகக் காயவைத்து, எண்ணெய் பூசுங்கள். மீமிசல் காற்றில் ஒரு மணி நேரம் சும்மா விட்டால் மறுபடி சிவக்கும்.

பெரியவர் வீட்டில் இந்த முறையெல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, இரண்டு இடத்தைத் தவிர.

முதலாவது, பேரன் கிரைண்டரில் கம்பிச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு அடிச்சட்டத்தை வழித்துக்கொண்டே போனான். சேஸ் நம்பர் அடித்திருக்கிற இடத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது நான் போய்ச் சேர்ந்தேன். "தம்பி, நிறுத்து நிறுத்து!" என்று கத்தியது அடுத்த தோப்பு வரைக்கும் கேட்டிருக்கும். அந்த எண்ணும் எஞ்சின் எண்ணும் தேய்ந்துபோனால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அது திருட்டு வண்டியா என்றுதான் முதல் கேள்வி வரும். அந்த இடத்தைக் கையால் மட்டும், டீசல் தொட்ட துணியால் துடைத்து, மேலே வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு நகல் எடுத்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது, ஸ்டியரிங் ஆர்ம். அதைத் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கி வைத்திருந்தான் பையன். கையில் எடுத்துப் பார்க்கவே ஆசையாக இருந்தது. பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிற மாதிரி தட்டிப் பார்த்தேன், சத்தம் கணீரென்று இல்லை. மண்ணெண்ணெயில் நாலு மணி நேரம் ஊறப்போட்டு, எடுத்து ஈரமே தெரியாமல் துடைத்து, சுண்ணாம்பைக் குழைத்து மெல்லிசாகப் பூசிக் காயவிட்டோம். சுத்தியலால் இரண்டு தட்டு தட்டியதும், வெள்ளைச் சுண்ணாம்பில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு மெல்ல எழுந்து வந்தது. விரிசலுக்குள் நின்ற மண்ணெண்ணெய் கசிந்து காட்டிய கோடு அது. பெரியவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "இதைப் போட்டுக்கிட்டா அறந்தாங்கிக்குக் கிளம்பிருப்பேன்" என்றார்.

ஸ்டியரிங், பிரேக், அச்சு, வில் ஆகியவற்றைச் சேர்ந்த எந்தப் பாகத்தையும் மெருகு போடும் முன்னால் இந்தச் சுண்ணாம்புச் சோதனையைச் செய்யுங்கள். மெருகு போட்ட பிறகு பூசினால், பஃப் கட்டியின் மெழுகு விரிசலை அடைத்துக்கொண்டு கோடு தெரியாமலே போகலாம். எங்களுக்குத் தெரிந்தது அதிர்ஷ்டம். ஆழமாகக் குழி விழுந்த ஸ்டியரிங் பாகத்தை வெல்டிங் வைத்து நிரப்பித் தேய்ப்பதும் தப்பு. மாற்றித்தான் ஆக வேண்டும்.

இதையெல்லாம் செய்யும் ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பஃப் சக்கரத்தின் பக்கத்தில் தோளில் துண்டு, தொங்கும் வேட்டி, துணிக் கையுறை எதுவும் ஆகாது. இழுத்துவிடும். பாகத்தின் கூர் விளிம்பு சக்கரத்துக்கு எதிர்முகமாக இருந்தாலும் பிடுங்கி வீசும், சுற்று விளிம்பை விட்டு வெளியே போகிற பக்கமாகப் பிடிக்க வேண்டும். கண்ணாடி கட்டாயம். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் கல்நார் இருக்கலாம், அந்தத் தூளைக் காற்றடித்து ஊதக்கூடாது. ஈரத் துணியால் துடைத்து, துணியோடு பையில் கட்டிவிடவும்.

பழைய பெயிண்ட் விஷயம் நம் துறையைச் சேர்ந்தது. வீட்டுப் பெயிண்டிலேயே ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. 50 ஆண்டுப் பழைய லாரியின் மஞ்சளிலும் சிவப்பிலும் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வதே புத்தி. மாடு அதை நக்கும். உடைந்த பாட்டரித் தகட்டையும் நக்கும். கன்றுக்கு இதில் ஆபத்து அதிகம். ஈயம் ஏறிய கன்று கண் தெரியாததுபோல முட்டிக்கொள்ளும், பல்லைக் கடிக்கும், வட்டமடிக்கும், வலிப்பு வந்து விழும். வெறிநோயோ என்று மயங்குவார்கள். வண்டி சுரண்டும் இடத்தைத் தொழுவத்துக்கும் வைக்கோல் போருக்கும் தள்ளி வைத்து, கீழே தார்ப்பாய் விரித்து, பெயிண்டை நனைத்துச் சுரண்டி, தூள் முழுவதையும் கூட்டிக் கட்டிவிடுங்கள். குப்பைக்குழியில் போட்டு எருவோடு வயலுக்கு அனுப்பிவிடாதீர்கள். குழந்தைகளையும் அந்தப் பக்கம் விட வேண்டாம்.

பெயிண்ட் அடிக்க மாசி, பங்குனி நல்ல காலம். பனி உலர்ந்த பிறகு ஆரம்பித்து, பிற்பகலில் கடற்காற்று ஏறுவதற்குள் முடிக்கவும். வெறும் ரெட் ஆக்சைடோடு நிறுத்தினால் அது ஈரத்தைக் குடிக்கும். எபாக்சி பிரைமர் அடித்து அதன்மேல் பெயிண்ட் அடிப்பது நம் கரைக்குத் தாங்கும். அலுமினியமும் இரும்பும் சேருமிடத்தில் ரப்பர் வாஷரோ கிரீஸோ இல்லாமல் போல்ட் போடாதீர்கள். உப்பீரத்தில் இரண்டும் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். மெருகு போட்ட பாகங்களுக்கு மெழுகும், கண்ணுக்குத் தெரியாத இரும்புக்குக் கிரீஸும், ஐப்பசிக்கு முன்னால் ஒரு தடவை, தை கழிந்து ஒரு தடவை.

ரோட்டில் ஓட்டுவது பற்றியும் பலர் கேட்கிறார்கள். 8 ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வேண்டும், எவ்வளவு மின்னினாலும் சரி. 50 ஆண்டு கடந்த பழம்பெரும் வாகனங்களுக்கு என்று 2021ல் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. அது சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு, பாரம் ஏற்றி வாடகைக்கு ஓட்டுவதற்கு அல்ல. உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்பதை, பணம் செலவழிக்க ஆரம்பிக்கும் முன்பே புத்தகத்தோடு போய் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவும்.

பெரியவரின் லாரிக்கு வேறு ஆர்ம் கிடைத்துவிட்டது. பிரேக் வேலை இன்னும் முடியவில்லை. விரிசல் விட்ட பழைய ஆர்மை, சுண்ணாம்புக் கோடு அழியாமல் அப்படியே, கொட்டகைத் தூணில் ஆணி அடித்து மாட்டி வைத்திருக்கிறார். வருகிறவர்களிடம் எல்லாம் அதைத்தான் முதலில் காட்டுகிறார், நட்சத்திரத்தைப் பிறகு.